வந்த நேரத்தைத் திருத்த முடியாத பதிப்பு

டயகம பக்கத் தேயிலைத் தோட்ட அலுவலகமொன்றில் என்னோடு வேலை செய்த கம்ப்யூட்டர்காரர் ஒல்லியான மனிதர். எப்போதும் சர்வர் பெட்டியின் மேல் கைகளை வைத்துக் குளிர்காய்வார்.

எல்லோருடைய வருகையையும் பதியும் இலவச மென்பொருளுக்குப் புதிய பதிப்பு வந்திருந்தது. "பழைய பதிவெல்லாம் அழிஞ்சிட்டா யாரு பதில் சொல்றது?" என்று அவர் இரண்டு மாதமாகத் தள்ளிப்போட்டார்.

ஒருநாள், வேலை பிரித்துக் கொடுக்கும் காலைப் பெரட்டுக்கு ஐந்து நிமிடம் பிந்தி வந்த கொழுந்து பறிக்கும் பெண்ணை எங்கள் அலுவலகத்துப் பெரிய கிளாக்கர், "இன்னைக்கி வேல இல்ல, லயத்துக்குப் போ" என்று மழையில் குடியிருப்புக்கே திருப்பி அனுப்பினார். பிறகு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, பத்து மணிக்கு அலுவலகம் வந்து, தன் நேரத்தை எட்டு என்று கம்ப்யூட்டரில் திருத்திக்கொண்டார்.

அன்று மாலையே கம்ப்யூட்டர்காரர் புதிய பதிப்பை ஏற்றினார்.

"பயமில்லையா அண்ணே?" என்றேன்.

"புதுசுல வந்த நேரத்த யாராலயும் மாத்த முடியாது தங்கச்சி. எங்கம்மாவயும் இந்தக் கிளாக்கருதான் இப்பிடித் திருப்பி அனுப்புனாரு."

மறுநாளும் பத்து மணிக்கு வந்த கிளாக்கர் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டினார். "தம்பி, இது மாத்த விடமாட்டேங்குதே."

கம்ப்யூட்டர்காரர் கைகளைப் பெட்டியிலிருந்து எடுக்கவில்லை. "லேட்டா வந்தா இன்னைக்கி வேல இல்லைங்க ஐயா. வீட்டுக்குப் போங்க."

பழைய பதிவுகள் தப்பினவா என்று அன்று முழுக்க அவர் பார்க்கவேயில்லை. அத்தனை ஜாக்கிரதையான மனிதர்.