நூற்று முப்பது கனமுள்ள தந்தி

என் அக்கா புருஷனுக்கு லிஃப்ட் ரிப்பேர் வேலை. பத்து மாடிக் கட்டடங்களின் உச்சியில் மெஷின் அறைக்குள் உட்கார்ந்து, இரும்புக் கயிறு தேய்ந்திருக்கிறதா, தொய்ந்திருக்கிறதா என்று அளந்து நோட்டில் எழுதுவார். சட்டைப் பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, வெர்னியர் அளவுகோல் இருக்கும். சனிக்கிழமை சாயங்காலங்களில் அதே ஆள் பேஸ் கிட்டார் வாசிப்பார். நான் டிரம்ஸ், அக்கா பாட்டு. மூன்றே பேர்தான் எங்கள் குழு. பன்னிரண்டு வருஷத்தில் ஊரில் ஒரு மண்டபம் விட்டுவைக்கவில்லை.

மாமாவின் கிட்டாரைப் பற்றி இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பின்னால் குழம்பும். சாதாரண பேஸ் கிட்டாரில் நான்கு தந்திகள். இவருடையதில் எட்டு. தடித்த தந்தி நான்கு, ஒவ்வொன்றையும் ஒட்டினாற்போல் மெல்லிய துணைத் தந்தி ஒன்று. இரண்டையும் சேர்த்தேதான் மீட்டவேண்டும். தடித்தது அடியில் முழங்கும். மெல்லியது அதே சுரத்தை ஒரு ஸ்தாயி மேலே சொல்லும். "புருஷன் பொண்டாட்டி மாதிரிங்க, ஒண்ணு கனம், ஒண்ணு சத்தம்" என்று நான் மேடையில் அறிமுகம் செய்வேன். அக்கா மைக்கிலேயே என்னைத் திட்டுவாள். கூட்டம் சிரிக்கும்.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் அக்காவுக்குக் கழுத்தில் கட்டி வந்து ஆபரேஷன் நடந்தது. உயிருக்கு ஆபத்தில்லை. குரல் இறங்கிவிடும் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார், இறங்கிவிட்டது. பழைய பாட்டுகளின் உச்சி எட்டவில்லை. மூன்று தடவை முயன்றுவிட்டு, மைக்கை அதன் பெட்டியில் வைத்து மூடினாள். அதோடு அந்த வீட்டில் பாட்டுப் பேச்சே போய்விட்டது.

மாமா கிட்டாரைச் சுவரில் மாட்டினார். ஆனால் தந்திகளைத் தளர்த்தவில்லை. பழைய சுருதியிலேயே முறுக்கி வைத்து, வாரம் தவறாமல் சரிபார்த்தார். என்றைக்காவது அவள் வாய் திறந்தால் தயாராக இருக்கவேண்டுமாம். அவள் பாட்டைக் கேட்கவேண்டும், அதற்கு மேல் அந்த மனுஷனுக்கு உலகத்தில் ஓர் ஆசையும் கிடையாது. பாடு என்று சொல்லத்தான் தைரியம் இல்லை.

போன மாதம் அவருக்கு ஒரு யோசனை வந்தது. அவளால் மேலே வர முடியாவிட்டால் கிட்டார் கீழே போகட்டுமே! எங்கள் பாட்டுகள் எல்லாம் விரல் வைக்காத வெறும் தந்தியின் முழக்கத்தில் நிற்பவை. அதற்கும் கீழே போக அந்தக் கிட்டாரில் இடமில்லை. தந்தியின் சுருதியையே இறக்கவேண்டும். சும்மா தளர்த்தினால் தந்தி தொளதொளவென்று ஆடி மரத்தில் அடிக்கும். எவ்வளவு கீழே போகிறோமோ அவ்வளவு கனமான தந்தி போட்டால்தான் விறைப்பு நிற்கும்.

சரி, எவ்வளவு கீழே? அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் அவர் மாமா இல்லையே. சாப்பாட்டு மேஜையில் தட்டுக்குப் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்து, சுருதி காட்டும் செயலியை ஓடவிட்டு, அவள் பேச்சை ஒரு வாரம் அளந்தார். "உப்புப் போதுமா?" என்று அவள் கேட்டால் இவர் போனைப் பார்த்துக்கொண்டே "ஒரு கட்டை" என்பார். அவள் தலையில் அடித்துக்கொள்வாள்.

இசைக்கருவிக் கடைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அவருடைய கிட்டாரில் இருப்பதிலேயே தடித்த தந்தி நூற்றைந்து. அதாவது ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் நூற்றைந்து பங்கு கனம். லிஃப்ட் கயிற்றுக்குப் போடும் கணக்கை இதற்கும் போட்டு வைத்திருந்தார்.

"நூத்திப் பதினஞ்சு போதும் மாப்ளே. துணைக்கு அதுல பாதி."

"நூத்தி முப்பது எடுங்க மாமா."

"எதுக்கு? ஒரு கட்டைதான இறங்கணும்?"

"இருக்கட்டும், எடுங்கன்னா எடுங்க."

"கிட்டார் கழுத்துல அது உக்கார்ற வெட்டுலயே நுழையாதுடா. அரம் போட்டு அகலமாக்கணும். அப்புறம் பழைய தந்தி அதுல நிக்காது, லொடலொடன்னு ஆடும். திரும்பிப் போகவே முடியாது."

"திரும்பி எங்க போகப் போறீங்க?"

சொன்ன பிறகுதான் என் நாக்கை நானே கடித்துக்கொண்டேன். அவர் முகம் சுண்டிப்போனது. "ஒரு கட்டை நான் இறங்கறேன். மிச்சம் அவளுக்குப் போகப் போகச் சரியாயிடும்" என்று என்னைப் பார்க்காமல் சொன்னார்.

உறையில் இருந்த பொடி எண்களைப் படிக்கக் கண்ணாடியை எடுத்தார். திருகாணி எங்கேயோ விழுந்து அதன் ஒரு கால் கையோடு வந்தது. அக்கா கண் பரிசோதிக்கும் வேலை பார்க்கிற கண்ணாடிக் கடை இரண்டு தெரு தள்ளித்தான். வேலை நேரத்தில் அவர் அங்கே போனதே கிடையாது. வேண்டாம் என்று நான் தடுத்திருக்கவேண்டும். என்ன காரணம் சொல்வது என்று யோசிப்பதற்குள் கதவைத் தள்ளிவிட்டார்.

கடைக்காரர் கண்ணாடியை வாங்கித் திருகாணி தேட ஆரம்பித்தார். பின்னால் திரை போட்ட இருட்டறையில் யாரோ ஒரு பெண் யாருக்கோ எழுத்துக் காட்டிக்கொண்டிருந்தாள். "இப்பத் தெரியுதா? இதுல? அவசரமே இல்ல, மெதுவா வாசிங்க." கனமான, அலட்டிக்கொள்ளாத குரல்.

மாமா ஒரு நிமிஷம் காது கொடுத்துக் கேட்டார். "புதுசா ஆள் போட்டிருக்கீங்களா? நல்ல குரல்" என்றார்.

கடைக்காரர் நிமிர்ந்தார். "உங்க வீட்டம்மாதான சார்?"

மாமா கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு, திரை விலகுவதற்குள் வெளியே வந்துவிட்டார். சிக்னலில் இரண்டு முறை பச்சை விழுந்தும் தெருவைக் கடக்கவில்லை.

"எங்கிட்ட ஏன்டா அப்படிப் பேசறதில்ல?"

இனிமேல் மறைத்து என்ன பயன்? ஆபரேஷனுக்குப் பிறகு என்னிடம் அவள் அந்தக் குரலில்தான் பேசுகிறாள், மாமாவின் செருப்புச் சத்தம் கேட்டதும் தூக்கிக்கொள்வாள் என்று சொன்னேன். "இன்னும் பழைய சுருதியிலயே வெச்சுக் காத்துக்கிட்டு இருக்காருடா, நான் எப்படி எறங்கிப் பேசறது?" என்று ஒரு நாள் கேட்டவள், மூச்சு விடக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

"அதனாலதான் நூத்தி முப்பது, நூத்தி முப்பதுன்னு கத்துனியா?"

"ஆமா மாமா."

"ஒன்றரை வருஷமா தொண்டையை இழுத்துப் புடிச்சிருக்காளே... வலிச்சிருக்காதாடா?"

அவர் திரும்பி இசைக்கருவிக் கடையைப் பார்த்து நடந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூடத்தில் துண்டை விரித்து உட்கார்ந்தார். அரத்தைக் கையில் எடுத்து வெகுநேரம் சும்மா வைத்திருந்தார். பன்னிரண்டு வருஷம் கேட்ட குரலை அவர் அந்த நேரத்தில் ஒரு தடவை முழுசாகக் கேட்டு முடித்தார் என்று நினைக்கிறேன். பிறகு ராவத் தொடங்கினார். நான்கு தேய்ப்புக்கு ஒருமுறை வெர்னியர் வைத்தார். வெள்ளைத் தூள் துண்டில் விழுந்தது. எட்டுத் தந்திகளும் ஏறின. ஒரு கட்டை இல்லை, ரெண்டரைக் கட்டை இறக்கினார். வாசித்தபோது ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா கையில் தலையணை உறையோடு வந்து நின்றாள். "என்னங்க இது, இவ்வளவு கீழ?" என்றாள், அந்த இழுத்துப் பிடித்த குரலில்.

"திங்கக்கிழமை உன் கடைக்கு வந்திருந்தேன்" என்றார் மாமா, தந்தியைப் பார்த்துக்கொண்டே. "கண்ணாடித் திருகாணி போட."

அக்கா என்னை முறைத்தாள். நான் டிரம் குச்சியை ஆராய்ந்தேன். அவள் துண்டில் கிடந்த தூளையும் அரத்தையும் பார்த்தாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். உறையை மடியில் வைத்து நான்காக மடித்தாள்.

"பழைய தந்தி இனிமே உக்காராதுல்ல?" என்று கேட்டாள். கண்ணாடிக் கடைக் குரல்.

"உக்காராது."

"எனக்கும் அந்தப் பழைய குரல் வேணுந்தாங்க. குளிக்கும்போது தேடிப் பாப்பேன்."

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அழுதார் என்றே சொல்லிவிடுகிறேன், எனக்கென்ன. பிறகு கிட்டாரை மடியில் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

குச்சிகளைத் தட்டி எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. நான்கைச் சொல்லாமல் அக்காவைப் பார்த்தேன்.

அதை அக்கா சொன்னாள்.