பிறையைப் பற்றிப் பேசியவன்

போன பங்குனியில், நான் புலம்பெயர்ந்து வந்த நகரத்தின் மோர்னிங்சைட் பக்கம் ஒரு நூலக அறையில், பழைய இஸ்லாமியப் பேரரசுகளைப் பற்றி ஒரு மணித்தியாலம் பேசினேன். நான் சரித்திரம் படித்தவனில்லை, காப்புறுதி விற்கிறவன். ஆனால் மைக் கைக்கு வந்தால் இலேசில் விடமாட்டேன். கிரேக்கப் புத்தகங்களும் சமஸ்கிருதப் புத்தகங்களும் பக்தாத்தில் அரபுக்குப் போன கதையை வெளுத்து வாங்கினேன். பிறைக்கு மட்டும் தனியாகக் கால் மணித்தியாலம். நோன்பு மாதம் எப்போது தொடங்கும் என்று அறிய அந்தக் காலத்து வானியலாளர்கள் எவ்வளவு மினக்கெட்டார்கள் என்று விளக்கினேன். நல்ல கைதட்டல். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு தேநீரும் ரோல்ஸும். முன்வரிசையில் இருந்து பேச்சைக் கேட்ட, முக்காடிட்ட ஒரு பெண் ஒன்றும் எடுக்காமல் நின்றார். என்னைவிட மூத்தவர். தமிழ்நாட்டுக்காரராக்கும் என்று நினைத்தேன். வந்தவர் வெறுங்கையோடு நின்றால் எங்கள் ஆட்களுக்குப் பொறுக்காது. தட்டை முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"எடுங்கோ அக்கா. ஹலால் இறைச்சிதான், கேட்டு வாங்கினது."

"வேண்டாம் தம்பி."

"உப்பிடிச் சொல்லக் கூடாது. ஒண்டாவது எடுங்கோ."

விடாமல் நின்றேன். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஒரு ரோலை எடுத்து ரிஷூக் கடதாசியில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்தார்.

"வீட்டை கொண்டுபோய் நோன்பு திறக்கேக்க சாப்பிடுறன்" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

முகம் எரிந்தது. கால் மணித்தியாலம் பிறையைப் பற்றி அளந்தவனுக்கு அது நோன்பு மாதம் என்றே தெரியவில்லை. போனில் ஒருதரம் தட்டிப் பார்த்திருக்கலாம். மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துச் சமாளித்தார். அவருடைய பேச்சு எங்கள் ஊர்ப் பேச்சு என்பது அப்போதுதான் உறைத்தது.

"அக்கா யாழ்ப்பாணமோ?"

"ஓம், சோனகத் தெரு. தொண்ணூறிலை எல்லாரையும் எழுப்பினவை தானே. அதோடை வெளிக்கிட்டது."

சோனகத் தெருவோடு, வடக்கில் இருந்த முஸ்லிம்கள் எல்லாரையும் எங்கள் தமிழ் ஆயுத இயக்கம் துப்பாக்கி முனையில் ஊரை விட்டு அனுப்பிய வருடம் அது. அவர்கள் போனபோது நான் அங்கேதான் இருந்தேன்.

"எங்கட ஆக்களைப் பற்றியும் ரெண்டு சொல்லு சொல்லுவீங்கள் எண்டு நினைச்சுத்தான் வந்தனான்" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

"நேரம் காணாமல் போச்சுது, அக்கா."

"ஓம், ஒரு மணித்தியாலம் காணாதுதானே" என்று எனக்காக ஒத்துக்கொண்டு, கோட்டைப் போட்டுக்கொண்டு போனார்.

நான் சொன்னது பொய். பேச்சைத் தயார்செய்த அத்தனை கிழமைகளில் அந்தச் சோனகத் தெரு ஒருநாளும் என் நினைவுக்கு வரவில்லை. நான் பள்ளிக்கூடம் போய்வந்த வழி அது.