பன்னிரண்டு மணி மூட்டை

இது பட்டப்பகலில் நடந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் கேட்பவர்கள் எல்லோரும், "தூக்கக் கலக்கத்தில் எதையோ பார்த்திருப்பாய்" என்கிறார்கள். நான் தூங்கவில்லை. என் முன்னால் இருந்த திரையில் ஒவ்வொரு வரியும் மணி, நிமிடம், நொடியோடு பதிவாகிக்கொண்டிருந்தது. அந்தப் பதிவை அச்செடுத்து வைத்திருக்கிறேன். மொத்தம் பதினொரு பக்கம். நம்பாதவர்கள் வந்து பார்க்கலாம். இதுவரை இரண்டு பேர் வந்தார்கள். இரண்டு பேருமே ஆறாம் பக்கத்தோடு மூடி வைத்துவிட்டார்கள்.

நான் சரக்குக் கப்பல் கம்பெனி ஒன்றின் கரை அலுவலகத்தில் மெயில் சர்வர் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுக்கடலில் இணையம் சாட்டிலைட் வழியாகத்தான் வரும். செலவு அதிகம். அதனால் கப்பலில் இருப்பவர்களுக்கு வீட்டிலிருந்து வரும் கடிதங்களை உடனுக்குடன் அனுப்ப மாட்டோம். எல்லாக் குடும்பமும் ஒரே பொது முகவரிக்கு எழுதும். சர்வர் நாள் முழுக்கச் சேர்த்து வைத்து, மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்கு ஒரே கட்டாகக் கட்டி, கப்பலில் இருக்கும் ஒவ்வொருவர் மெயில் பெட்டிக்கும் ஒரு பிரதி அனுப்பும். எங்கள் தொழிலில் இதற்கு டைஜஸ்ட் என்று பெயர். வீட்டுப் பெண்கள் வைத்த பெயர் மூட்டை. "இன்னைக்கு மூட்டை போச்சா?" என்று போன் செய்து கேட்பார்கள். "படிச்சாரா?" என்றும் கேட்பார்கள். அந்தத் தொல்லை தாங்காமல், யார் மூட்டையைப் பிரித்தாலும் 'படிக்கப்பட்டது' என்று ஒரு வரி எனக்குத் திரும்பி வரும்படி செய்து வைத்திருந்தேன்.

அந்தக் கப்பலில் இருபத்திரண்டு பேர். அதில் ஒருவன் என் தம்பி.

படிப்பு முடித்து இரண்டு வருடம் வேலை கிடைக்காமல் வீட்டில் சும்மா இருந்தவனை, மேனேஜர் கையைக் காலைப் பிடித்து அந்தக் கப்பலில் ஏற்றிவிட்டது நான்தான். போய்ச் சேர்ந்ததும் எழுதினான். "சாப்பாடு மோசம்" என்று ஒரு வரி. அடுத்த வரி, "சமையல்காரர் பின்னால் வந்து நின்றுவிட்டார். சாப்பாடு பிரமாதம்." அந்தச் சமையல்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். தம்பி அவரோடுதான் ஒட்டிக்கொண்டு திரிந்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை, அதிகாலை 4:17. புயலுக்குள் போன கப்பலிலிருந்து வந்த கடைசி சிக்னல் அது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

தேடுவதற்கு விமானம் போயிற்று. மேகம் கலையாததால் திரும்பி வந்தது. அலுவலக வரவேற்பறையில் குடும்பங்கள் வந்து உட்கார்ந்துவிட்டன. யாரும் அழவில்லை. எல்லோரும் கையில் போனை வைத்துக்கொண்டு அந்தப் பொது முகவரிக்கு எழுதிக்கொண்டே இருந்தார்கள். எங்கே இருக்கிறாய், பத்திரமா, பாப்பாவுக்குப் பல் முளைத்துவிட்டது... என்று. அன்று மட்டும் நூற்று அறுபது கடிதங்கள்.

மூட்டையை நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அது தானாக நடப்பது.

புதன்கிழமை பகல் 12:00. சர்வர் மூட்டையைக் கட்டியது. இருபத்திரண்டு பெட்டிக்கும் தோல்வி என்றுதான் வரப்போகிறது என்று நினைத்துக்கொண்டு பதிவைத் திறந்தேன்.

இருபது வரிகளில் 'ஏற்கப்பட்டது' என்று இருந்தது.

இரண்டு வரிகளில் மட்டும் பிழை. 'ஆள் இங்கே இல்லை. பிறகு முயலவும்.' ஒன்று சமையல்காரர். இன்னொன்று என் தம்பி.

நடுவில் இருக்கும் சாட்டிலைட் கம்பெனியின் இயந்திரம் வாங்கி வைத்துக்கொண்டிருக்கும் என்று நினைத்தேன். போன் செய்து கேட்டேன். செவ்வாய் காலையிலிருந்து அந்தக் கப்பலுக்கு இணைப்பே இல்லை என்றார்கள். எங்களிடமிருந்து எதுவும் அவர்களுக்கு வரவும் இல்லையாம். அப்படியானால் வாங்கிக்கொண்டது யார்? மேனேஜரிடம் காட்டினேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, மெஷின் கோளாறு, வெளியே மூச்சு விடாதே என்றார்.

அம்மாவிடம் மட்டும் மறைக்க முடியவில்லை. அவள் வாசலிலேயே நின்று கேட்டாள். இருபது பேருக்குப் போயிற்று, தம்பிக்குப் போகவில்லை என்று சொன்னேன்.

வியாழக்கிழமை 12:00. அதே இருபது. அதே இரண்டு பிழைகள்.

12:06-க்குப் பதில்கள் வரத் தொடங்கின.

படிக்கப்பட்டது. படிக்கப்பட்டது. படிக்கப்பட்டது...

நான் எழுந்து நின்றுவிட்டேன். இருபது பேரும் உயிரோடு இருக்கிறார்கள்! கப்பல் எங்கோ மிதந்துகொண்டிருக்கிறது! கத்தப் போனவள்தான், மணியைப் பார்த்தேன். ஒவ்வொரு பதிலுக்கும் நடுவே சரியாக ஏழு நொடிகள். ஒருவர் படித்து முடித்ததும் அடுத்தவரிடம் கொடுப்பதுபோல. இருபது பேரும் ஒரே இடத்தில், வரிசையாக உட்கார்ந்திருப்பதுபோல.

எல்லாப் பதிலிலும் கப்பலில் இருக்கும் மெயில் சர்வரின் கடிகாரம் ஒரே நேரத்தைத்தான் காட்டியது.

4:17.

கடிகாரம் நின்றிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் மனதில் அப்போது வேறு எதற்கும் இடம் இல்லை. இருபது பேர் பிழைத்திருக்கிறார்கள். இரண்டு பேர் போய்விட்டார்கள். அந்த இரண்டு பேரில் ஒருவன் என் தம்பி. நான் அப்படித்தான் கணக்குப் போட்டேன். யாராக இருந்தாலும் அப்படித்தானே போட்டிருப்பார்கள்?

அன்று அம்மா சாப்பிடவில்லை. சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தவள் என்னைக் கூப்பிட்டாள்.

"எல்லாருக்கும் போகுது. என் புள்ளைக்கு மட்டும் ஏம்மா போகல? உன் மெஷின்லதான் ஏதோ தப்பு. நீ பார்த்தா சரி பண்ணிடலாம்ல?"

எனக்கும் அந்த நப்பாசை வந்துவிட்டது. பெட்டி மட்டும் பழுதாகியிருந்தால்? ஆள் நன்றாக இருந்தால்?

வெள்ளிக்கிழமை 11:40. சர்வர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். சின்ன அறை, ஜன்னல் கிடையாது, எப்போதும் குளிரும். தரை பலகைகளால் ஆனது. அடியில் ஒரு சாண் இடைவெளியில் கேபிள்கள் ஓடும்.

12:00. மூட்டை போயிற்று. இருபது. இரண்டு பிழைகள்.

12:01. கப்பலின் சர்வரை நானே நேராகக் கூப்பிட்டேன். சர்வர் சர்வரோடு பேசுவதை நாம் கையால் தட்டியும் பேசலாம். ஒரு வரி அடித்தால் பதில் ஒரு வரி வரும். இல்லாத இணைப்பு அது. ஆனாலும் பதில் வந்தது. கப்பலின் பெயர். பிறகு 4:17.

கடவுச்சொல் கொடுத்தேன். உள்ளே விட்டது. பெட்டிகளின் பட்டியலைக் கேட்டேன். இருபது திறந்திருந்தன. இரண்டு மூடியிருந்தன. அவ்வளவுதானா! திறக்க ஒரே ஒரு கட்டளை போதும்.

தம்பியின் பெட்டியைத் திறக்கச் சொன்னேன்.

'உறுதியா?' என்று கேட்டது. எப்போதும் கேட்கும். ஆம் என்று அடித்தேன்.

மறுபடி கேட்டது. 'உறுதியா?'

அந்த சர்வரை அமைத்தவளே நான். அது ஒருமுறைதான் கேட்கும். இரண்டாவது முறை கேட்கும்படி அதில் எதுவும் கிடையாது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

களக்... களக்...

என் காலடியில். பலகைக்குக் கீழே. தண்ணீர் ஒரு சுவரில் மெதுவாக மோதித் திரும்புவதுபோல...

நாற்காலியைத் தள்ளிவிட்டுக் குனிந்து பலகையைத் தூக்கினேன்.

கேபிள்கள். தூசி. ஒரு சொட்டு ஈரம் இல்லை.

சத்தம் நிற்கவில்லை.

களக்... களக்...

திரையில் அந்தக் கேள்வி அப்படியே இருந்தது. அம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது.

ஆம் என்று அடித்தேன்.

12:04:11. ஏற்கப்பட்டது.

சத்தம் நின்றது.

12:04:18. படிக்கப்பட்டது.

சரியாக ஏழு நொடிகள்.

நான் மேசைமேல் தலையை வைத்து அழுதேன். சந்தோஷத்தில். என் தம்பி படித்துவிட்டான். இருக்கிறான். கண்ணைத் துடைத்துக்கொண்டு சமையல்காரர் பெட்டியையும் திறக்கப் போனேன். அதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. எவ்வளவு முயன்றும் பதில் இல்லை. 12:07-க்கு ஒரு துண்டுக் காகிதத்தில் 'சமையல்காரர் – நாளை' என்று எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டினேன். பிறகு அம்மாவுக்குப் போன் செய்தேன். போய்ச் சேர்ந்துவிட்டது என்றேன். அன்று மத்தியானம் சாப்பிட்டாள்.

சனிக்கிழமை காலை 5:40. மீன்பிடிப் படகு ஒன்று கடலில் ரப்பர் மிதவை ஒன்றைப் பார்த்தது. அதில் ஓர் ஆள் உயிரோடு இருந்தார். ஏழே காலுக்கு மேனேஜர் எனக்குப் போன் செய்தார். யார் என்று கேட்டேன். தம்பி என்றுதான் சொல்வார் என்று தெரிந்ததுபோலக் கேட்டேன்.

சமையல்காரர் என்றார்.

அன்று நான் சர்வர் அறைக்குப் போகவே இல்லை. நாள் முழுக்க ஆஸ்பத்திரி வாசலில்தான் நின்றேன், மற்றக் குடும்பங்களோடு. அவரைப் பார்க்க யாரையும் விடவில்லை. மேலிடத்திலிருந்து மட்டும் ஒரு தகவல் வந்தது. செவ்வாய்க்கிழமை அதிகாலை 4:17-க்கே கப்பல் கவிழ்ந்து மூழ்கிவிட்டது. இருபது பேர் சாப்பாட்டுக் கூடத்தில் அடைபட்டுக் கப்பலோடு போனார்கள். வெளியே வந்தது இரண்டே பேர்.

பத்தொன்பது நாள் கழித்து சமையல்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். முகத்தில் தோல் உரிந்து திட்டுத் திட்டாக இருந்தது. அம்மா கொடுத்த தண்ணீரைக் குடித்தார். தம்பி நல்ல பையன் என்றார். பஸ் நிறுத்தம் வரை கூட வா என்று என்னிடம் கண்ணால் காட்டினார்.

நடந்துகொண்டே சொன்னார். இரண்டு பேரும் நான்கு நாள் அந்த மிதவையில் இருந்தார்களாம். வெள்ளிக்கிழமை கடல் அடங்கி வெயில் வந்துவிட்டது. குடிக்கும் தண்ணீரும் பாதி பாட்டில் மிச்சம். தம்பிக்குக் காயம் இல்லை, ஜுரம் இல்லை. கரைக்குப் போனதும் என்ன சாப்பிடலாம் என்று பேசிக்கொண்டிருந்தானாம்.

"என் வாட்ச் ஓடிக்கிட்டுதான் இருந்துச்சும்மா. பன்னிரண்டு மணி நாலு நிமிஷம். திடீர்னு எழுந்து உட்கார்ந்தான். மூட்டை வந்திருக்கு அண்ணேன்னான்."

நான் நின்றுவிட்டேன். அவர் நிற்கவில்லை. நான் ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டேன்.

வெறும் கையை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, எதையோ படிப்பதுபோல ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தானாம். நடுநடுவே சிரித்தானாம். பிறகு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வதுபோலச் செய்தான். படிக்கட்டு இறங்குகிறவன்போல, பதறாமல், ஒரு காலைக் கடலில் வைத்தான். அவர் சட்டையைப் பிடித்தார். துணிதான் கிழிந்து கையோடு வந்தது. தம்பிக்கு நன்றாக நீச்சல் தெரியும். ஒருமுறைகூடக் கையை அசைக்கவில்லையாம்.

"ஏதாவது சொன்னானா?" என்று கேட்டேன்.

அவர் சாலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பஸ் தூரத்தில் வருவது தெரிந்தது.

"நானும் வரேன்டான்னு கத்தினேன். அந்த நேரத்துல புத்தி அப்படிப் போச்சு. திரும்பிப் பார்த்து, 'உங்களுக்கு நாளைக்குத்தான் அண்ணே, அக்கா எழுதி வெச்சிருக்கா'ன்னான்."

பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"என்னம்மா எழுதி வெச்சிருந்தீங்க?"

ஒன்றும் இல்லை என்றேன்.

அவரை பஸ் ஏற்றிவிட்டு நேராக அலுவலகத்துக்குப் போனேன். பட்டியலிலிருந்து அவர் முகவரியை எடுத்தேன். மூட்டையை நிறுத்தினேன். அந்த வாரமே வேலையை விட்டேன்.

அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. கடைசியாக ஒருநாளாவது அவன் கைக்கு மூட்டை போய்ச் சேர்ந்ததே, அதுவும் என் கையால் போனதே என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி, அதில்தான் மனதைத் தேற்றிக்கொண்டிருக்கிறாள்.