வீரையாவின் பழைய விசில்

இது கட்டுக்கதை இல்லை. நம்பாதவர்கள் சேரங்கோடு பக்கம் போய் வீரையாவின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.

அவருக்குத் தேயிலைத் தோட்டத்தில் யானைக் காவல் வேலை. பாறைமேல் உட்கார்ந்திருக்க வேண்டும். காட்டோரம் யானை தெரிந்தால் விசில் ஊத வேண்டும். கொழுந்து பறிக்கும் பெண்கள் குனிந்த தலை நிமிர மாட்டார்கள். அந்த விசிலை நம்பித்தான் அவர்கள் உயிர்.

மனிதருக்கோ பழைய ஹாலிவுட் த்ரில்லர் பைத்தியம். கறுப்பு வெள்ளைப் படம் கிடைத்தால் சோறு தண்ணீர் வேண்டாம். கொலைகாரன் பின்னால் வருவது கதாநாயகிக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். அந்தப் படபடப்புதான் ருசி என்பார்.

போன வருடம் அந்த ருசி ஆண்டாயியைத் தின்றது. அவர் கையில் செல்போனில் ஒரு படம், காதில் இயர்போன். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஆண்டாயியை நோக்கி யானை இறங்கியதை அவர் பார்க்கவே இல்லை. விசாரணையில், “ஊதினேங்க. பனியில ஆண்டாயிக்குக் கேக்கல போல” என்றார். எல்லோரும் நம்பினார்கள். அதுதான் அவரை அறுத்தது. அடக்கத்தின்போது, பிடி மண்ணோடு விசிலையும் குழியில் போட்டுவிட்டார். உள்ளே உருண்டை உடைந்து கரகரக்கும் விசில் அது. மறுநாள் புதுசு கொடுத்தார்கள்.

அந்தப் படத்தின் மிச்சத்தை ஒரு வருடம் தொடவில்லை. பிறகு ஒருநாள் பாறைமேல் மனசு கேட்கவில்லை. முடிவை மட்டும் பார்த்துவிடலாம்...

மணி மூன்று பத்து. பனிமூட்டம். திரையில் ஒரு பெண் முதுகு காட்டி நின்றாள். அவளுக்குப் பின்னால் கதவு மெல்லத் திறந்தது.

அவள் திரும்பினாள். கதவைப் பார்க்கவில்லை. இவரைப் பார்த்தாள்...

க்ர்ர்ர்ர்...

இயர்போனைப் பிடுங்கினார்.

விசில் நிற்கவில்லை.

கழுத்தைத் தடவினார். புது விசில் சில்லென்று தொங்கியது.

கீழே பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். மூன்று பன்னிரண்டுக்கு, அவர்கள் நின்ற இடத்தில் ஒரு கொம்பன் யானை நின்றது.

சாயங்காலம் ஆண்டாயியின் மகள் ரேணுகா பாறைக்கு வந்தாள்.

“உங்களாலதான் பொழச்சோம் மாமா.”

வீரையா இயர்போனைச் சுருட்டிப் பைக்குள் திணித்தார்.

“பனியில ஆள் தெரியல. அந்தப் பழைய கரகர சத்தம். எங்கம்மா குழிமேட்டுப் பக்கமிருந்து வந்துச்சு.”

அவள் தூரத்திலிருந்த குழிமேட்டுப் பக்கம் கை காட்டினாள்.

“அவ்வளவு தூரத்துலேருந்தே எங்களுக்குக் கேட்டுச்சு. அன்னைக்கு நீங்க இந்தப் பாறையிலேருந்து ஊதுனது, எங்கம்மாவுக்கு மட்டும் எப்படி மாமா கேக்காமப் போச்சு?”