கவுசர் பாபியின் ஒரே அடுப்பு

என் கணவரின் அண்ணி கவுசர் பாபிக்கு வீட்டில் எல்லாமே ஒன்றுதான். ஒரு அடுப்பு, ஒரு குழம்பு. மாமியாருக்கு வயிற்றுப்புண் என்பதால் அந்தக் குழம்பில் காரம் பேருக்குத்தான் இருக்கும். நானோ பள்ளிப்பட்டுக்காரி. மிளகாயை அள்ளிப்போட்டு வளர்ந்த வாய். தனியாக ஒரு சின்ன அடுப்பு கேட்டதற்கு, "ஒரே வூட்ல ரெண்டு அடுப்பு எரிஞ்சா ஊரு என்னா பேசும் சாயிரா?" என்று வாயை அடைத்துவிட்டார்.

கம்ப்யூட்டரிலும் அதே சட்டம்தான். திருத்தணியில் எங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்து பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் புரோகிராம் எழுதித் தருவது பாபியின் தொழில். அதற்கு வேண்டிய லைப்ரரிகளை, அதாவது வேறு யாரோ முன்பே எழுதிவைத்த புரோகிராம் துண்டுகளை, பிப் என்ற கருவி இணையத்திலிருந்து இறக்கிக் கொடுக்கும். ஒவ்வொரு புரோகிராமுக்கும் தனி அறை மாதிரி ஒதுக்கி, அதன் லைப்ரரிகளை அதிலேயே வைக்கலாம். பாபிக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால், "ஒரே மெஷின்ல பாகப்பிரிவினையா?" என்பார்.

அம்மையார்குப்பம் நெசவாளர் பங்காரு படம் அனுப்பினால், அதைக் கம்ப்யூட்டர் தறிக்கான டிசைனாக மாற்ற பாபி ஒரு புரோகிராம் வைத்திருந்தார். தன் முகூர்த்தப் புடவைக்கென்று பங்காருவின் மகள் கயல்விழி ஒரு மல்லிக்கொடி வரைந்திருந்தாள். அது வந்த நேரம் பார்த்து, ஒரு போட்டோ ஸ்டூடியோ வேலைக்காக பாபி இரண்டு வேலைக்கும் பொதுவான ஒரு லைப்ரரியைப் புதுசாக்கியிருந்தார். பிப் புதியதை வைக்கும்போது பழையதைத் தூக்கிவிடும். தறி புரோகிராமுக்கோ பழையதுதான் ஒத்துவரும். அது படுத்துவிட்டது.

பங்காரு போனில் கெஞ்சினார். "யம்மா, தறி சும்மா கெடக்குது. இன்னிக்கு ஏத்தலன்னா முகூர்த்தத்துக்குப் பொடவ வராது. அந்தக் கொடிதான் வேணும்னு பொண்ணு அழுதுகினு இருக்குதும்மா."

"ஆங், தந்துட்றேண்ணா."

பழையதைப் போட்டார், ஸ்டூடியோக்காரர் கத்தினார். புதியதைப் போட்டார், மல்லிக்கொடி நின்றது. மத்தியானம்வரை இதே கூத்து. எனக்குப் பொறுக்கவில்லை.

"பாபி, மாமிக்குக் காரமில்லாம, எனக்குக் காரமா, ஒரே சட்டில ரெண்டும் வருமா? தனித்தனியா வெச்சித் தொலைங்களேன்!"

முறைத்தார். பிறகு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே இரண்டுக்கும் தனித்தனி அறை ஒதுக்கினார். அங்கே பழையது, இங்கே புதியது. இரண்டும் ஓடின. சாயங்காலம், தறியில் கொடி ஏறிவிட்டது என்று பங்காரு சொன்னபோது பாபி அழுதேவிட்டார்.

மறுநாள் சமையலறையில் பழைய அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அடுப்பு புதிதாக உட்கார்ந்திருந்தது.

"ஊரு?" என்றேன்.

"பேசிகினே கெடக்கட்டும்."

என் ஊர்க் காரத்தில் கோழிக்குழம்பு வைத்தேன். முதலில் தட்டை நீட்டியது பாபிதான். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்ட, "இன்னும் கொஞ்சம் ஊத்துடி" என்றார்.