இரண்டு பட்டியல்களில் ஒரு பெயர்

பதிவுத் தபால் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணிக்கு. மூக்குக்கண்ணாடிப் பட்டறையில் அவள் ஒரு இடது கண் லென்ஸின் ஓரத்தை ஃபிரேமுக்கு ஏற்றபடி தேய்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் சொட்டும் சக்கரத்திலிருந்து கையை எடுத்து, துணியில் துடைத்துக்கொண்டு, கையெழுத்துப் போட்டு வாங்கினாள். தேர்தல் அலுவலகத்து முத்திரை. வாக்காளர் அட்டையைப் புதுப்பிக்கச் சொல்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, கையிலிருந்த லென்ஸை முடித்துவிட்டுத்தான் பிரித்தாள்.

கடந்த பொதுத் தேர்தலில், ஒரே நாளில், இரண்டு மாகாணங்களில் அவள் பெயரில் வாக்குப் பதிவாகியிருக்கிறதாம். பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி மூன்றும் பொருந்துகின்றனவாம். ஏழு நாட்களுக்குள் நேரில் வந்து விளக்கம் தர வேண்டும். குற்றம் உறுதியானால் ஓராண்டு வரை சிறை.

கடைசி வரியை மூன்று தடவை படித்தாள். பிறகு கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். ஐந்து நிமிஷம் கழித்து, வைத்தோமா என்று எடுத்துப் பார்த்தாள்.

பட்டறையில் அவளைப் ‘பவரக்கா’ என்பார்கள். டாக்டர் சீட்டில் எழுதிய பவரும் லென்ஸில் வந்திருக்கும் பவரும் ஒன்றுதானா என்று இரண்டு முறை கருவியில் வைத்துப் பார்க்காமல் எதையும் வெளியே அனுப்ப மாட்டாள். இருபத்திரண்டு வருஷத்தில் திரும்பி வந்த கண்ணாடிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். வீட்டிலும் அதே கதைதான். பூட்டிய பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனை வரை போவாள், திரும்பி வந்து மறுபடி இழுப்பாள். “நம்ம வீட்டுப் பூட்டு ஒருநாள் உடைஞ்சா அது திருடன் வேலையா இருக்காது, உன் வேலையாத்தான் இருக்கும்” என்பார் அவள் கணவர். அவர் நகரப் பேருந்து ஓட்டுநர்.

அன்று சாயங்காலம் கடிதத்தைப் படித்ததும் அவருக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது.

“ரெண்டு ஓட்டா? நீயா? ஒரு ஜோடி செருப்பு வாங்க நாலு கடை ஏறி இறங்குற ஆளு நீ.”

“கடைசி வரியப் படிங்க.”

படித்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

அவள் பிறந்தது ஆற்றுக்கு அந்தப் பக்கம், அடுத்த மாகாணத்தில், ரயிலில் நாலு மணி நேரத் தொலைவில் உள்ள ஒரு சிற்றூரில். பத்தொன்பது வயதில் வேலைக்காக இந்த நகரத்துக்கு வந்தவள், கல்யாணமாகும்வரை ஒவ்வொரு தேர்தலுக்கும் ரயிலேறிப் போய் ஊரில்தான் ஓட்டுப் போட்டாள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், கல்யாணத்துக்குப் பிறகு, பெயரை இங்கே மாற்றிக்கொண்டாள். படிவத்தில் ‘முன்பு பதிவான இடம்’ என்ற கட்டத்தை ஊர்ப் பெயரோடு தெருப் பெயரும் கதவு எண்ணும் எழுதி நிரப்பியிருந்தாள். “அங்க பேரை எடுக்கச் சொல்லி நாங்களே எழுதிடுவோம்” என்றார் எழுத்தர். அவள் அதை நம்பினாள். அவள் வாழ்க்கையில் சரிபார்க்காமல் விட்ட விஷயம் அது ஒன்றுதான்.

விசாரணை அதிகாரி ஓய்வு பெறும் வயதை நெருங்கிய அம்மாள். கோப்பைப் படிக்கும்போது தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துச் சாய்த்துப் படித்தார். கண்ணாடியில் வலது லென்ஸ் கொஞ்சம் திரும்பி உட்கார்ந்திருக்கிறது என்று அவளுக்குப் பார்த்த உடனே தெரிந்தது. சொல்லத் தைரியமில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

“இங்க காலைல ஓட்டுப் போட்டீங்க. கையெழுத்து இருக்கு. உங்களதுதானே?”

“ஆமாங்க மேடம்.”

“இது அங்கேருந்து வந்த நகல்.” அதிகாரி ஒரு தாளைத் திருப்பி வைத்தார். ஊர் வாக்குச்சாவடியின் பதிவேடு. அவள் பெயர். பக்கத்தில் கையெழுத்துக்குப் பதில் ஒரு கட்டைவிரல் ரேகை, கொஞ்சம் இழுபட்டு.

“நான் கைநாட்டு வைக்கிறதில்லைங்க. பத்தாவது வரைக்கும் படிச்சிருக்கேன்.”

“படிச்சவங்களும் விரல் வைக்கலாமே. கையெழுத்துல மாட்டிக்குவோம்னு பயந்தா, விரல்தான் வைப்பாங்க.” குரலில் கடுமை இல்லை. இதைப் போல நூறு பேரிடம் சொல்லிச் சலித்த குரல். “அன்னிக்கு வேலைக்குப் போனீங்களா?”

“தேர்தல் லீவு மேடம். வீட்லதான் இருந்தேன்.”

“யாராவது பாத்தாங்களா?”

கணவருக்கு அன்று முழுநாள் வேலை. காலை எட்டு மணிக்கு இங்கே ஓட்டு, ஒன்பது மணி ரயில், ஒரு மணிக்கு ஊர், அங்கே ஒரு ஓட்டு, இருட்டுவதற்குள் திரும்பி வந்துவிடலாம். அதிகாரி அதைச் சொல்லவில்லை. அவளே மனசுக்குள் கணக்குப் போட்டு, முடியும் என்று தெரிந்துகொண்டாள். ஊருக்கு ரயிலேறிப் போய் ஓட்டுப் போட்ட பழக்கமும் தேர்தலுக்குத் தேர்தல் பதிவேட்டில் இருக்கிறது.

ரேகையை ஒப்பிட்டால் தீர்ந்தது என்றார் அதிகாரி. அவளுக்கு உயிர் வந்தது. அடுத்த அறையில் மை தடவி விரலை உருட்டிய ஊழியர் தாளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். மறுபடி உருட்டினார். மூன்றாவது தடவை, “என்ன வேலைம்மா பாக்குறீங்க?” என்று கேட்டார்.

இருபத்திரண்டு வருஷம் ஈரச் சக்கரத்தில் லென்ஸ் தேய்த்த விரல். கண்ணாடி தேய்ந்ததோடு விரலும் தேய்ந்திருந்தது. மூன்று வாரம் கழித்து வந்த நிபுணர் அறிக்கையில் ஒரே வரி: ஒப்பிட்டுக் கருத்துக் கூற இயலாது. அதாவது, அவளுடையது என்றும் இல்லை. இல்லை என்றும் இல்லை.

அதற்குள் அடுத்த மாகாணத்துத் தேர்தல் பிரிவும் தன் பங்குக்கு ஒரு கோப்பைத் திறந்து, அங்கே வந்து ஆஜராகச் சொல்லி அழைப்பாணை அனுப்பியிருந்தது. வக்கீலிடம் போனார்கள்.

“ஒரே விஷயத்துக்கு ரெண்டு இடத்துலயும் கூப்பிடுவாங்களா சார்?” என்று கேட்டார் கணவர்.

“இங்க நடந்தத இங்க இருக்கவங்கதான் விசாரிக்கணும், அங்க நடந்தத அங்க இருக்கவங்கதான். இவங்க எல்லைய அவங்க தாண்டக் கூடாது, அவங்க எல்லைய இவங்க தாண்டக் கூடாது. நடுவுல நீங்க அலையலாம், அதுக்குத் தடை இல்ல” என்றார் வக்கீல். “பேரை எடுக்கச் சொல்லி இங்கேருந்து கடிதம் போச்சான்னு கேட்டேன். போனதுக்கு இங்க பதிவு இருக்கு. வந்ததுக்கு அங்க பதிவு இல்ல.”

அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பட்டறையில் ஒரே வாரத்தில் இரண்டு லென்ஸ் உடைத்தாள். முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததே அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

ஊரில், பழைய வீட்டில், அண்ணன் குடும்பம் இருந்தது. தண்ணீர்ப் பம்பு பழுது பார்ப்பது அண்ணனுக்குத் தொழில். அண்ணி அரசு மழலைப் பள்ளியில் ஆயா. அவளை எட்டாம் வகுப்பிலிருந்து தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியது அண்ணிதான். வாக்குச்சாவடியில் யாரையாவது கேட்டுப் பார்க்கலாமா என்று யோசனை கேட்கத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பிப் போனாள்.

அண்ணன் வீட்டில் இல்லை. அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். நடந்ததை இவள் முழுதாகக்கூடச் சொல்லவில்லை. “என் பேர்ல இங்க யாரோ ஓட்டுப் போட்டுட்டாங்க அண்ணி. என்னை ஜெயிலுக்கு அனுப்பிடுவாங்க போல” என்றுதான் சொன்னாள்.

அண்ணி மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள். “அந்த விரல் ரேகைய வெச்சுக் கண்டுபிடிச்சிடுவாங்களா?” என்று கேட்டாள்.

ரேகையைப் பற்றி இவள் வாயே திறக்கவில்லை.

வெளியே யாரோ சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனார்கள். பிறகு அண்ணியே சொன்னாள். கண்ணைத் துடைக்காமல், துணியைப் பார்த்தபடி.

தேர்தலன்று அண்ணி வரிசையில் ஒன்றரை மணி நேரம் நின்றிருக்கிறாள். உள்ளே போனால், பட்டியலில் அவள் பெயர் அடிக்கப்பட்டிருக்கிறது. இறந்துவிட்டாராம். அதே பெயரில் அடுத்த தெருவில் ஒருத்தி செத்திருக்கிறாள். பட்டியலைச் சுத்தம் செய்தவர்கள் அவளுக்குப் பதில் அண்ணியைச் சாகடித்துவிட்டார்கள். “உசுரோட நிக்கிறேனே சார்னு சொன்னேன். பின்னாடி நின்னவங்க எல்லாம் சிரிச்சாங்க.” வெளியே வந்து நின்றவளிடம் கட்சிக்காரர் ஒருவர் வந்தார். எல்லோரும் ‘கணக்குப்பிள்ளை’ என்று கூப்பிடும் ஆள். அந்தத் தெருவில் யார் இருக்கிறார்கள், யார் வெளியூர், யார் செத்தார்கள் என்று விரல் நுனியில் வைத்திருப்பவர். “உங்க நாத்தனார் பேரு சும்மாதானே கெடக்கு. அவங்க எங்க வரப் போறாங்க? போய்ப் போட்டுட்டு வாங்க. கையெழுத்து வேணாம், ரேகை வைங்க” என்று அடுத்த அறைக்குக் கூட்டிப்போனாராம். அங்கே இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“எனக்கு அவன் கட்சி மேல ஒண்ணும் இல்ல. செத்துப் போயிட்டேன்னு எழுதி வெச்சிருக்கானுங்களேன்னு ஒரு ஆத்திரம். அவ்வளவுதான்” என்றாள் அண்ணி. “வழக்கு வந்தா என் வேலை போயிடும்.”

இவள் சொல்லிக்கொள்ளாமலே எழுந்து ஸ்டேஷனுக்கு நடந்தாள். ரயிலில் யாராவது தன்னைப் பார்த்தால் முகத்திலேயே தெரிந்துவிடும் என்று ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். அதுவரை செய்யாத குற்றத்துக்குப் பயந்தாள். இப்போது தெரிந்துகொண்டதற்குப் பயப்பட வேண்டியதாயிற்று.

கணவர் கேட்டுவிட்டுச் சுருக்கமாகச் சொன்னார். “சொல்லிடு.”

“தலை வாரி விட்டவங்கங்க.”

“அதுக்கு நீ ஜெயிலுக்குப் போறியா?”

வக்கீலிடம் பொதுவாகக் கேட்பது போல, ஒருவருக்கு உண்மை தெரிந்து மறைத்தால் என்ன ஆகும் என்று கேட்டாள். வக்கீல் பேனாவை மூடி வைத்தார். “நீங்களா போய்ச் சொல்லணும்னு இல்ல. ஆனா அதிகாரி கேட்டு, நீங்க தெரியாதுன்னு பொய் சொன்னா, அது தனிக் குற்றம். இதுவரைக்கும் நீங்க எதுவும் தப்புப் பண்ணலம்மா. யோசிச்சுக்குங்க.”

அண்ணன் போனில் கூப்பிட்டார். ரொம்ப நேரம் பம்பு, மழை என்று பேசினார். கடைசியில், “நீ சொல்லிடும்மா. நான் சொல்லச் சொன்னேன்னு மட்டும் அவகிட்ட சொல்லிடாத” என்று வைத்துவிட்டார்.

ஊர்ப் பக்கத்துத் தேர்தல் பிரிவில் ஆஜராவதற்கு முந்தின நாள் மதியம், பட்டறை வாசலில் நின்று அண்ணிக்குப் போன் செய்தாள்.

“அண்ணி, நாளைக்கு வர்றேன். அவங்க கேக்கலேன்னா நானா சொல்ல மாட்டேன். கேட்டா பொய் சொல்ல மாட்டேன். என்னால முடியாது.”

அண்ணி போனை வைக்கவில்லை. இவள்தான் வைத்தாள்.

மறுநாள் விசாரித்தது ஒரு இளம் அதிகாரி. முகவரி, வேலை, ரயில், படிவம் என்று ஒரு மணி நேரம் கேட்டார். அந்தக் கேள்வி வரவேயில்லை. அவர் கோப்பை மூடினார். தப்பித்தோம் என்று அவள் எழப் போனபோது, பழக்க தோஷத்தில் கேட்பது போலக் கேட்டார்.

“அந்த ஓட்டு யார் போட்டாங்கன்னு உங்களுக்கு ஏதாவது தெரியுமா?”

தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

“தெரியும். என் அண்ணி. ஆனா அதை எழுதறதுக்கு முன்னாடி, உயிரோட இருக்கவங்க பேரை ஏன் அடிச்சீங்க, ஊரை விட்டுப் போன என் பேரை ஏன் விட்டு வெச்சீங்கன்னு எழுதுங்க சார். கூட்டிட்டுப் போனவர் யாருன்னும் எழுதுங்க.” அதிகாரி மூடிய கோப்பைத் திறந்து எழுத ஆரம்பித்தார்.

இந்த நகரத்துக் கோப்பு ஏழு மாதம் கழித்து ஒரு வரிக் கடிதத்தோடு மூடப்பட்டது: மேல் நடவடிக்கை தேவையில்லை. மன்னிப்பு என்று ஒரு வார்த்தை இல்லை. அண்ணி மறுக்கவில்லை. எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு வாக்குமூலம் கொடுத்தாள். அவள் பெயரைத் தவறாக அடித்ததைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, நீதிமன்றம் எச்சரித்து விடுவித்தது. வேலை தப்பியது, ஆனால் நாலு மாதம் தற்காலிக நீக்கத்தில் வீட்டில் உட்கார்ந்திருந்தாள். கணக்குப்பிள்ளை தனக்கு ஒன்றும் தெரியாது என்றார். அவர் கைப்பட எழுதிய தாள் ஒன்றை, வாக்குச்சாவடியில் அவர் கட்சிக்காக உட்கார்ந்திருந்த முகவரின் பையிலிருந்து எடுத்தார்கள். அதில் வெளியூர் போனவர்களும் செத்தவர்களுமாகப் பதினேழு பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு குறி. ஆனால் தாள் மட்டும் போதாது, அவர் சொல்லித்தான் போட்டேன் என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்தப் பதினேழு பெயர்களில் ஓட்டுப் போட்டவர்களில் சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டது அண்ணி ஒருத்திதான்.

அதுவரை பதினான்கு மாதமாக அண்ணி இவளிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. சாட்சி நாளன்று, யாரும் கூப்பிடாமலே, இவள் முதல் ரயிலில் கிளம்பிப் போனாள். நீதிமன்றத் தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சின் ஓரத்தில் அண்ணி உட்கார்ந்திருந்தாள். எதிரே கணக்குப்பிள்ளையின் ஆட்கள் நாலு பேர் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவள் போய், அண்ணிக்கும் அந்த ஆட்களுக்கும் நடுவில் வருகிற மாதிரி இடம் பார்த்து உட்கார்ந்தாள்.

அரைமணி நேரம் கழித்து அண்ணி கேட்டாள். “லீவு குடுத்தாங்களா?”

“கேட்டு வாங்கினேன்.”

“சாப்டியா?”

“இல்ல அண்ணி.”

“எனக்கும் இறங்கல.”

உள்ளேயிருந்து அண்ணியின் பெயரை மூன்று முறை கூப்பிட்டார்கள். அண்ணி எழுந்தாள். போகிற போக்கில் தன் கைப்பையை இவள் மடியில் வைத்தாள்.

கணக்குப்பிள்ளைக்கு ஆறு மாதத் தண்டனையும் ஆறு வருஷம் தேர்தல் வேலையில் தலையிடத் தடையும் கிடைத்தன. மேல்முறையீடு போயிருக்கிறது. அண்ணியின் பெயர் மறுபடி பட்டியலில் ஏறிவிட்டதாக அண்ணன் சொன்னார். கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன் என்று, அடுத்த ஞாயிற்றுக்கிழமை இவளே ஊருக்குப் போய், அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்த பட்டியலை மேலிருந்து கீழே இரண்டு தடவை படித்துவிட்டு வந்தாள்.