வாசலுக்கு வந்த கறியடுப்பு

எங்கள் வீட்டுக்குள் கறி சமைக்கக் கூடாது. யார் போட்ட சட்டம் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. உள்ளே சாமி படம் இருக்கிறது, அதனால் கவிச்சி ஆகாது, அவ்வளவுதான். அதற்காகக் கறியை விட்டுவிட முடியுமா? சங்கரன்கோவிலில் இருந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி இல்லாமல் இலை முன்னால் உட்காருவது எங்கள் ஆட்களால் ஆகிற காரியமில்லை. ஆகவே வீட்டுக்குப் பின்னால், துணி துவைக்கிற கல்லையும் தாண்டி, தகரக் கூரைக்குக் கீழே ஓர் அடுப்பு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஞாயிறுதோறும் நான் அங்கேதான்.

புகையைப் பற்றி நான் குறை சொல்லவில்லை. வெயிலைப் பற்றியும் இல்லை. என் ஆத்திரம் வேறு. வீட்டின் பக்கவாட்டில் வேப்பமர நிழலில் நாற்காலிகளைப் போட்டுக்கொண்டு என் வீட்டுக்காரர், கொழுந்தன், கொழுந்தன் பெண்டாட்டி, பக்கத்துக் கடைக்காரர்கள் என்று ஒரு கூட்டமே உட்கார்ந்திருக்கும். கொழுந்தன் வாயைத் திறந்தால் கதைதான். நான் பின்னால் கறியைக் கிண்டிக்கொண்டிருப்பேன். சுவருக்கு அந்தப் பக்கம் கொல்லென்று சிரிப்பு வெடிக்கும். கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிப் போய், "என்னது, என்னது?" என்பேன். "ஒண்ணுமில்ல மைனி, சும்மா பேசிக்கிட்டிருந்தோம்" என்பார் கொழுந்தன். சிரிப்பு மட்டும் என் காதுக்கு வரும், கதை வராது. இத்தனை வருஷத்தில் ஒரு கதையைக்கூட முதலிலிருந்து நான் கேட்டதில்லை. வயிறு எரியுமா எரியாதா?

பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள் போன வருஷம் செல்போனில் ஒரு படம் அனுப்பினாள். யாரோ ஒரு வெளிநாட்டுக்காரி தோட்டத்துக்கு நடுவில் அடுப்பு வைத்துச் சமைக்கிறாள். சுற்றிலும் உயரமான ஸ்டூல்களில் விருந்தாளிகள். அவள் கையில் கரண்டி, வாயெல்லாம் சிரிப்பு. பார்த்தவுடன் எனக்குத் தலைகால் புரியவில்லை. இதல்லவா சமையலறை! வீட்டுக்குள்ளும் இல்லை, கொல்லைப்புறத்திலும் இல்லை, சரியாகக் கூட்டத்துக்கு நடுவில்! சாமிக்கும் குற்றமில்லை, எனக்கும் குறையில்லை.

என் வீட்டுக்காரர் டைல்ஸும் குளியலறைச் சாமான்களும் விற்கும் கடை வைத்திருக்கிறார். அவரை மடக்க எனக்கு வழி தெரியாதா? படத்தைக் காட்டி, "இந்த மாதிரி ஒண்ணு நம்மூர்ல எவன் வீட்லயாவது இருக்கா?" என்று மட்டும் கேட்டேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார். "நம்மூர்ல என்னட்டி, தென்காசியிலயே இருக்காது" என்றார். மீன் தூண்டிலில் சிக்கியது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

அதன் பிறகு எங்கள் வீடு வீடாக இல்லை. கடையிலிருந்து காலி டைல்ஸ் பெட்டிகள் வந்திறங்கின. வேப்பமரத்தடியில் சுண்ணாம்புக் கோடு போட்டு, அதன் மேல் பெட்டிகளை அடுக்கி, இதுதான் மேடை, இதுதான் அடுப்பு, இதுதான் தண்ணீர்த் தொட்டி என்று வைத்தோம். மேடையின் உயரத்தை முடிவு செய்ய நான் வெறும் பெட்டியின் மேல் வெறும் சட்டியை வைத்து இல்லாத கறியைக் கிண்ட வேண்டும். கிண்டினேன். "இன்னும் ஒரு பெட்டி தூக்கட்டுமா?" என்று அவர் கேட்பார். "தோள் வலிக்குங்க, எறக்குங்க" என்பேன். பக்கத்து வீட்டு மாடியிலிருந்து ஓர் அம்மாள் இதைப் பார்த்துவிட்டு, "என்ன மதினி, ஒடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்று கேட்டாள். "கறிக்கு உப்பு பாக்கேன், நீங்களும் வாரியளா?" என்றேன். அவள் சட்டென்று உள்ளே போய்விட்டாள்.

மகள் வீடியோவில் வந்து வரைபடம் காட்டுவாள். அப்பாவுக்கும் மகளுக்கும் அடிபிடி. அவருக்குக் கரி போட்டுச் சுடுகிற கிரில் வேண்டும், கீழே குட்டி ஃபிரிட்ஜ் வேண்டும், துருப்பிடிக்காத எஃகு அலமாரி வேண்டும், மேலே மரச்சட்டப் பந்தல் வேண்டும், பந்தலில் விளக்கு வேண்டும். பீட்சா அடுப்பும் வேண்டுமாம்! "வீட்ல பீட்சா திங்கது யாருப்பா?" என்றாள் மகள். "யாரும் திங்காண்டாம், இருக்கட்டும்" என்றார். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அடுப்புக்குப் பின்னால் சுவர் இருக்கக் கூடாது. நான் கிண்டும்போது என் முகம் ஸ்டூல்களைப் பார்த்து இருக்க வேண்டும். அதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

பங்குனியில் வேலை தொடங்கியது. சித்திரை, வைகாசி எல்லாம் மரத்தில் ஓர் இலை அசையவில்லை. ஆனி பிறந்ததும் அடுப்பைப் பொருத்திப் பற்றவைத்துப் பார்த்தோம். மேற்கேயிருந்து வருமே ஒரு காற்று, இந்தப் பக்கம் ஊர் ஊராகக் காற்றாலை நிற்பதே அதை நம்பித்தான். அது வந்து தீயை ஒரே ஊதில் அணைத்துவிட்டுப் போனது. மறுபடி பற்றவைத்தோம், மறுபடி அணைத்தது. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த எங்கள் இருவருக்கும் ஆனிக் காற்று மறந்துபோயிருக்கிறது! கொத்தனார் ஒரு பக்கம் சிரிக்கிறார், நான் ஒரு பக்கம் சிரிக்கிறேன், இவர் மட்டும் தீப்பெட்டியை முறைத்துக்கொண்டு நின்றார். பிறகு மேற்கே கெட்டிக் கண்ணாடித் தடுப்பு ஒன்று வைத்ததும் தீ அடங்கி நின்று எரிந்தது.

எல்லாம் முடிந்து, பளபளவென்று வெள்ளைக் கல் பதித்த மேடையை முதன்முதலில் துடைத்துப் பார்த்த அன்று, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சினோம். பொங்கி வழியும் முன் இவர் ஓடி வந்து அடுப்பை அணைத்தார். "பால் பொங்கணும்லா!" என்று நான் கத்த, "பொங்குன மாதிரிதான், கல்லுல படும்" என்றார். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

மறுநாள் காலையில் பார்த்தால் மேடை முழுக்க பிளாஸ்டிக் தாள். கடையில் வைத்திருக்கிற சாமானுக்குப் போடுவது போலச் சுற்றிலும் டேப் ஒட்டியிருந்தது. சாயங்காலம் கடைக்கு வந்த ஒரு ஆளைக் கூட்டி வந்து, தாளை விலக்கிக் காட்டி, மறுபடி மூடினார். அடுத்த நாள் புளியங்குடியிலிருந்து ஒரு குடும்பமே வந்து பார்த்துவிட்டு, அலமாரியை ஒவ்வொன்றாகத் திறந்து மூடிவிட்டுப் போனது. இவர் வாய் ஓயாமல் விளக்குகிறார். நான் காபி போட்டுக் கொடுக்கிறேன், எங்கிருந்து? வீட்டுக்குள்ளிருந்து!

ஆடியில் முதல் விருந்து என்று முடிவானது. அதற்கு முன்தினம் பின்பக்கம் போனேன். தகரக் கூரை புதிதாக மாற்றியிருந்தது. பழைய அடுப்பு மேடைக்குக் கடையில் மிச்சமான டைல்ஸ் ஒட்டியிருந்தது. இவரைக் கூப்பிட்டேன்.

"என்னங்க இது?"

"கறிய மட்டும் இங்கன வச்சுக்கிடுவோம்ட்டி. மஞ்சக் கறை பட்டா வெள்ளக் கல்லுல போவாது. அங்கன வச்சுப் பரிமாறிக்கலாம். ஒனக்குந்தான் புது டைல்ஸ் போட்டுருக்கேன், பாரு."

அவர் முகத்தில் அவ்வளவு பெருமை. கறி சமைப்பதற்காக வெளியில் ஒரு சமையலறை கட்டி, அது அழுக்காகாமல் இருக்க அதற்கும் வெளியில் ஒரு சமையலறை! இப்படி ஒரு கூத்து வேறு எங்காவது நடக்குமா?

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வந்தார்கள். ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தார்கள், விளக்கைப் போட்டுப் பார்த்தார்கள், பீட்சா அடுப்புக்குள் தலையை விட்டுப் பார்த்தார்கள். நான் பின்னால் தகரத்துக்குக் கீழே, மஞ்சளும் மிளகாயும் தயிரும் போட்டுப் பிசைந்த கறியோடு நின்றேன். சட்டி இன்னும் அடுப்பில் ஏறவில்லை. அப்போது வெடித்தது பாருங்கள் ஒரு சிரிப்பு! அந்த மாதிரி ஒரு சிரிப்பை நான் கேட்டதே இல்லை. யாரோ மேடையைத் தட்டித் தட்டிச் சிரிக்கிறார்கள்.

போதும் என்று தோன்றியது. கறிப் பாத்திரத்தை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, துவைக்கிற கல்லைத் தாண்டி, விறுவிறுவென்று நடந்து போய், வெள்ளைக் கல்லின் மேல் 'ணங்'கென்று வைத்தேன். மசாலா நாலு பக்கமும் தெறித்தது.

"ஏட்டி! கல்லு!" என்று இவர் பதறினார்.

"கல்லு கெடக்கட்டும். நான் இங்கனதான் வைப்பேன்." பின்னாலிருந்து சட்டி, எண்ணெய், நறுக்கிய வெங்காயம் எல்லாவற்றையும் கொண்டுவந்து, சட்டியில் எண்ணெய் ஊற்றி, அடுப்பைப் பற்றவைத்தேன். வெங்காயத்தை உள்ளே தள்ளிவிட்டுக் கொழுந்தனைப் பார்த்தேன். "என்ன கதை ஓடுது? மொதல்லருந்து சொல்லுங்க."

"அது பழைய கதை மைனி..."

"எனக்கு எல்லாம் புதுசுதான். சொல்லுங்க."

"அக்கா கேக்காவல்லா, சொல்லுங்களேன்" என்று கொழுந்தன் பெண்டாட்டி அவர் முதுகில் ஓர் இடி இடித்தாள்.

கொழுந்தன் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் வேப்பமரத்தைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் கொழுந்தன் ஆரம்பித்தார். "மைனி வந்த புதுசுல, அப்பா விருந்துக்குன்னு குருவிகுளத்துலருந்து ஒரு சேவல் கொண்டாந்தாவ. ராத்திரி கூடை போட்டுக் கவுத்து வச்சிருந்துச்சு. விடியக்காலம் பாத்தா கூடை மல்லாக்கக் கெடக்கு, சேவலக் காணும். பாத்தா, மைனிதான் மனசு கேக்காம தொறந்து விட்டுருக்காவ! மத்தியானம் விருந்துக்கு வந்தவுகளுக்கெல்லாம் கத்திரிக்கா கொழம்பு. சாயங்காலம் அந்தச் சேவல் தானா நடந்து வந்து, மைனி முன்னால நின்னு, 'என்ன, சாப்ட்டாச்சா?'ன்னு கேக்க மாதிரி பாத்துச்சு!"

மறுபடி எல்லோரும் சிரித்தார்கள். நான் கரண்டியைப் பிடித்தபடி நின்றேன். ஞாயிறு ஞாயிறாக நான் ஓடி ஓடி வந்து கேட்டேனே, அந்தச் சிரிப்பு என்னைப் பற்றியதா? ஒரு நிமிஷம் எனக்கு வந்த கோபத்தில் அடுப்பே தேவைப்பட்டிருக்காது. அப்புறம் அந்தச் சேவலின் பார்வை எனக்கே ஞாபகம் வந்தது. சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பின்னாலேயே இன்னொன்றும் ஞாபகம் வந்தது.

"கதையத் தப்பாச் சொல்லுதிய" என்றேன். "கூடையைத் தொறந்தது நானா? இந்தா நிக்காரே, இவரு!"

எல்லோரும் திரும்பினார்கள்.

"விடியக்காலம் என்னய எழுப்பிக் கூட்டிட்டுப் போனாரு. ஒங்க அப்பா இவரத்தான் அறுக்கச் சொல்லியிருக்காவ. கத்தியக் கீழ போட்டுட்டாரு. கூடையத் தூக்கிச் சேவல வெரட்டி விட்டுட்டு, 'நீ தொறந்தன்னு சொல்லிரு, புதுப்பொண்ண ஒண்ணும் சொல்ல மாட்டாவ'ன்னாரு. நானும் புருசன் கேக்காரேன்னு தலைய ஆட்டுனேன். அன்னிக்கு முழுங்குன வார்த்தைய இன்னிக்குத்தான் வெளிய சொல்லுதேன்."

"அண்ணே! நெசமாவா?" என்று கொழுந்தன் எழுந்தே நின்றுவிட்டார். "இத்தன வருசமும் எங்ககூட ஒக்காந்து நீயும்லா சிரிச்ச!"

"வெங்காயம் அடி பிடிக்கி, பேசாம இருங்கலே" என்றார் இவர். அவருடைய காது இரண்டும் சிவந்திருந்தன. அதைப் பார்த்துத்தான் அன்று உண்மையான சிரிப்பு வெடித்தது. கொழுந்தன் பெண்டாட்டி ஸ்டூலிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்குச் சந்தோஷத்தில் கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது.

கறியை உள்ளே போட்டு ஒரு கிண்டு கிண்டினேன். கரண்டியை அவர் கையில் கொடுத்தேன். அவர் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டு, மஞ்சள் தெறித்த கல்லைப் பார்த்தபடியே கிண்ட ஆரம்பித்தார். நான் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, மேடையைச் சுற்றி வந்து, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கூட்டத்துக்கு நடுவில் ஏறி உட்கார்ந்தேன்.

"ம், அடுத்த கதையச் சொல்லுங்க" என்றேன்.

ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.